ஒரு லைனுக்கு ஒரு டோக்கன்

பிப்ரவரி 10, திங்கள்

இந்த டைரியைச் சங்கம் கொடுத்தது. எங்கள் செயலாளர் கோதண்டம் தோழர்தான் கையில் திணித்தார். "கம்பெனியில தினம் இன்னா நடக்குதோ, டைம் போட்டு எழுதி வை. பேச்சுவார்த்தையில ஆதாரமா காட்டலாம்" என்றார். முதல் பக்கத்தில் பெயர், வேலை, ரத்த வகை எல்லாம் கேட்டிருக்கிறது. நவமணி. ஷூ கம்பெனி, தையல் பிரிவு, நான்காவது லைன். ரத்த வகை தெரியாது.

கம்பெனியில் நானூற்று இருபது பேர். அதில் முந்நூற்று முப்பது பேர் பெண்கள். சங்கத்தின் செயற்குழுவில் ஒன்பது பேர். அதில் பெண் நான் ஒருத்தி. போட்டோ எடுக்கும்போது மட்டும் என்னை நடுவில் நிற்க வைப்பார்கள்.

மார்ச்சோடு பழைய ஒப்பந்தம் முடிகிறது. புதிதாகக் கோரிக்கைப் பட்டியல் தயாராகிறது. சம்பளம், போனஸ் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு ஒரே கோரிக்கைதான். டோக்கன் ஒழிய வேண்டும்.

டோக்கன் என்றால் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய தோல் துண்டு. அதில் 4 என்று அச்சு. சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். கக்கூஸ் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும், திரும்பி வந்து ஆணியில் மாட்ட வேண்டும். அப்புறம்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். லைனில் நாற்பது பேர், டோக்கன் ஒன்று. கட்டிங் பிரிவில் இருக்கிற ஆண்களுக்கு டோக்கன் கிடையாது. கேட்டால், அவங்க சீக்கிரம் வந்துடுவாங்க என்கிறான் மேனேஜர். ஸ்டாப் வாட்ச் வைத்து நின்று பார்த்தானோ என்னவோ.

காலை 11.10 கேட்டேன். டோக்கன் வெளியே. 11.50 கிடைத்தது.
தண்ணீர்: ஒரு டம்ளர்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் கேட்கவில்லை. மதியம் 3.05 கேட்டேன். 3.40.
தண்ணீர்: அரை டம்ளர்.

பிப்ரவரி 13, வியாழன்

சங்கத்தில் உடல்நலக் கணக்கெடுப்பு. கோதண்டம் தோழர் தானே உட்கார்ந்து ஃபாரம் தயாரித்திருக்கிறார். ஊசி குத்து, கை வெட்டு, ஒட்டுற சொல்யூஷன் நெடியால் தலைவலி, முதுகுவலி, மூச்சுத் திணறல் என்று வரிசையாகக் கட்டம். கடைசியில் 'பிற' என்று ஒரு கட்டம், தபால் தலை அளவுக்கு.

"மத்தது எல்லாம் எங்க எழுதறது தோழர்?" என்று கேட்டேன். "பிற இருக்குதே" என்றார். மனுஷன் முப்பது வருஷமாகத் தோல் தொழிலாளிக்காக அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய் வந்தவர். அவரை நான் என்ன சொல்ல!

டீ நேரத்தில் ஃபாரத்தைக் கொடுத்துக்கொண்டு போனேன். பத்து நிமிஷ டீ நேரம். அதில் பாதிப் பேர் கக்கூஸ் வரிசையில்தான் நின்றார்கள். வரிசையிலேயே சுவரில் வைத்து எழுதினார்கள். பக்கத்து மிஷின் முபீனா என்னிடம், "பிறன்னா இன்னாக்கா? புள்ள பொறப்பா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எழுதத்தான் ஒருத்திக்கும் கை வரவில்லை. நேரில் கேட்டால் எரியுது, கடுக்குது, அடிவயிறு வலிக்குது என்று மணிக்கணக்காகச் சொல்கிறவர்கள், பேனாவைக் கொடுத்தால் தலைவலிக்கு டிக் போட்டுவிட்டு நீட்டுகிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் ரெண்டு பேரைத் திட்டிவிட்டேன்.

மதியம் 2.30 கேட்டேன். 3.20.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆராதனையில் முழுசாக உட்கார முடியவில்லை. பாதியில் வந்துவிட்டேன். வீட்டில் இவர் என்ன என்று கேட்டார். சூடு என்றேன். பார்லி கஞ்சி வைத்துக் குடி என்றார். வைத்தேன். அரிசி களைந்து, ரெண்டு வாரத்துத் துணி துவைத்து, தண்ணீர் லாரி வந்து பன்னிரண்டு குடம் பிடித்ததில் கஞ்சி ஆறி ஏடு கட்டிவிட்டது.

பிப்ரவரி 19, புதன்

இன்று பரிமளாவோடு சண்டை. பரிமளா எங்கள் லைன் சூப்பர்வைசர். எங்களோடு மிஷினில் உட்கார்ந்திருந்தவள்தான், மூன்று வருஷமாக அந்தப் பக்கம். புதுசாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு. மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் டோக்கன் வெளியே. நான்காவது முறை அவள் கேட்கவே இல்லை. உட்கார்ந்த ஸ்டூலைத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

நான் எழுந்து போய் ஆணியைக் காட்டி, இதைப் பிடுங்கி எறிய எவ்வளவு நேரம் ஆகும் என்று கத்தினேன். லைன் முழுக்க மிஷின் நின்றது. பரிமளா நிமிர்ந்து பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள். "கத்தாதக்கா. காலையில ஏழே முக்காலுக்கு வந்தேன். நானும்தான் இன்னும் போகல."

வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இன்று கேட்கவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

கணக்கெடுப்பு முடிவு வந்துவிட்டது. வந்த ஃபாரம் இருநூற்றுப் பன்னிரண்டு. தலைவலி நூற்றெழுபது. முதுகுவலி நூற்று நாற்பது. பிற, பதினொன்று. அந்தப் பதினொன்றில் மூன்று பேர் பல்வலி.

கோதண்டம் தோழர் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "நீ சொல்றது நியாயம்தான் தோழர். ஆனா டேபிள்ல வைக்க ஆதாரம் வேணுமே. பதினோரு பேருக்கு இன்னான்னு பேசறது?" என்றார். நாலு மணி நேரம் வாதாடினேன். கடைசியில் பட்டியலில் சேர்த்தார்கள். பதினேழாவது கோரிக்கை. பதினெட்டாவது, தீபாவளி இனிப்புப் பெட்டியைப் பெரிதாக்க வேண்டும் என்பது.

பெண்கள் மேல்தான் வயிற்றெரிச்சல். ஒரு வரி எழுதியிருந்தால் என்ன? வாயில் கொழுக்கட்டையா?

பிப்ரவரி 27, வியாழன்

துணியில் லேசாகச் சிவப்பு. எனக்கு அது நின்று எட்டு மாதம் ஆகிறது. கணக்குத் தவறியிருக்கும். இல்லையென்றால் சூடு.

மார்ச் 4, செவ்வாய்

முபீனாவுக்கு நோன்பு. டீ நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். வெயில் இப்போதே கொளுத்துகிறது, எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டேன். "எனக்கு ஒரு மாசம்தான்க்கா. நீ வருஷம் முழுக்க நோன்பு இருக்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. என் மிஷினுக்கு அடியில் பாட்டில் இல்லாததை அவள் பார்த்திருக்கிறாள்.

தண்ணீர்: எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். சங்கம் சார்பில் கோலப் போட்டி, மியூசிக்கல் சேர். கோதண்டம் தோழர் அரை மணி நேரம் பேசினார். பெண் விடுதலை இல்லாமல் மண் விடுதலை இல்லை என்றார். நல்ல கைதட்டு.

கடைசியில் எல்லாப் பெண்களுக்கும் அன்பளிப்பு. அட்டைப் பெட்டியைப் பிரித்தால், தண்ணீர் பாட்டில்! ஒரு லிட்டர், ரோஸ் கலர், சங்கத்தின் பெயர் போட்டது. நான் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். முபீனா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பாட்டில் நல்லா கீதா என்று தோழர் கேட்டார். நல்லா இருக்குது தோழர் என்றேன். வேறு என்ன சொல்ல?

மார்ச் 12, புதன்

மறுபடியும் சிவப்பு. இடுப்பு விண்விண் என்கிறது. ரெண்டு மாத்திரை போட்டேன். வெள்ளிக்கிழமை செயற்குழு. அதுவரை படுக்கக் கூடாது.

மார்ச் 14, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

சங்க அலுவலகம் சைக்கிள் கடைக்கு மேல் மாடி. சாயங்காலம் ஐந்தரைக்குக் கூட்டம். பதினெட்டு கோரிக்கை எல்லாம் பேச முடியாது, பத்தாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம். எதை வைப்பது, எதை விடுவது என்று இன்றே முடிவு. ஆறு மணி வரை சம்பளமே ஓடியது. எனக்கு அடிவயிற்றில் கத்தி வைத்த மாதிரி இருந்தது. கம்பெனியில் காலையிலிருந்து போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை.

அலுவலகத்தில் கக்கூஸ் கிடையாது. ஆண்களுக்குப் பின்பக்கச் சுவர் இருக்கிறது. செயற்குழுவுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. கூட்டம் இருக்கிற நாளில் மதியத்துக்கு மேல் ஒரு சொட்டுக் குடிக்காமல் வருவது எனக்குப் பழக்கம். இன்று குடிக்காமலும் தாங்கவில்லை.

6.20க்கு இறங்கினேன். பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பிடம் பூட்டியிருந்தது. மசூதித் தெருவில் முபீனா வீட்டுக்கு ஓடினேன். நோன்பு திறக்கிற நேரம். போய் வந்ததும் அவள் அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். இந்த நேரத்தில் வாசலுக்கு வந்தவளைக் கஞ்சி குடிக்காமல் அனுப்ப மாட்டார்களாம். வேண்டாம் என்று எழுந்தால் அவர்கள் மனசு கஷ்டப்படும். ஒரு கிண்ணம் குடித்தேன். பசிக்கு அமிர்தமாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

7.05க்கு மாடி ஏறினேன். நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

பதினேழாவது கோரிக்கை இல்லை. எடுத்துவிட்டார்கள். இனிப்புப் பெட்டி இருக்கிறது. அதற்காக ரெண்டு பேர் பேசினார்களாம்.

"எதிர்ப்பு உண்டான்னு மூணு வாட்டி கேட்டேன் தோழர்" என்றார் கோதண்டம் தோழர். "யாரும் சொல்லல. நீ எங்க போயிருந்த?"

எட்டு ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கே போயிருந்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேலையாக வெளியே போனேன் என்றேன்.

மார்ச் 15, சனி

லீவு. காய்ச்சல்.

மார்ச் 17, திங்கள்

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. இவர்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். லேடி டாக்டர், சின்ன வயசு. ஸ்கேன் எடுத்தார்கள். மூத்திரத் தொற்று ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, இடது கிட்னி வரை ஏறிவிட்டது என்றார். ரத்தம் போனதா என்று கேட்டார். இவர் பக்கத்தில் நின்றார். இல்லை என்றேன். டாக்டர் இவரை வெளியே போகச் சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டதற்கு, நிறைய என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? மற்றவர்களுக்காக இவ்வளவு சண்டை போடுகிறவள், ஒரு டாக்டரிடம் உண்மையைச் சொல்ல நாக்கு வரவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

ஊசி. ஒரு வாரம் ஓய்வு.

மார்ச் 19, புதன்

வேலை விட்டு முபீனா நேராக வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பேரவை, எல்லா உறுப்பினரும் கூடிப் பட்டியலுக்கு ஒப்புதல் கொடுக்கப்போகிறார்கள் என்றாள். கொடுத்துவிட்டால் அடுத்த ஒப்பந்தம் வரை நாலு வருஷத்துக்கு டோக்கன்தான். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். எவள் ஒரு வரி எழுதினாள், யாருக்காக நான் நிற்க வேண்டும் என்று சலித்துக்கொண்டேன்.

அவள் போன பிறகு, கணக்கெடுப்பு முடிந்ததும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஃபாரக் கட்டைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் பார்த்தேன். பிற என்ற கட்டத்தை நிரப்பாதவர்கள் யார் யார் என்று பெயர் எடுக்கலாம் என்றுதான். நாலாவது லைனில் பன்னிரண்டாவது ஃபாரம் என்னுடையது.

தலைவலி, டிக். முதுகுவலி, டிக். பிற: ஒன்றுமில்லை. கையெழுத்து, நவமணி.

பிப்ரவரி 13 அன்று ரெண்டு பேரைத் திட்டிவிட்டு வந்து அதை எழுதியிருக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

பேரவை, கல்யாண மண்டபத்தில். முந்நூறு பேருக்கு மேல். மண்டபத்தில் பெண்களுக்கு ஆறு கக்கூஸ். நம் ஜனங்கள் வந்ததும் வராததுமாகச் சாவகாசமாகப் போய் வந்தார்கள். டோக்கன் வேணாமா என்று ஒருத்தி கேட்க, சிரிப்பு அடங்க நேரம் ஆனது.

பத்துக் கோரிக்கையையும் கோதண்டம் தோழர் வாசித்தார். யாருக்காவது கருத்து உண்டா என்றார். நான் டைரியை எடுத்துக்கொண்டு மேடை ஏறினேன். பேசுவதற்கு ஒன்றும் தயார் செய்யவில்லை. தோழர் எழுதச் சொன்ன ஆதாரம் இது என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தேன். பிப்ரவரி 10, காலை 11.10 கேட்டேன், 11.50 கிடைத்தது. தண்ணீர் ஒரு டம்ளர். பிப்ரவரி 11, அரை டம்ளர். கட்டிங் பிரிவு வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தான். நான் நிறுத்தவில்லை.

பிப்ரவரி 27 வந்தது. அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடலாமா என்று நினைத்தேன். எங்கள் தெரு ஆண்கள் நாலு பேர் கீழே உட்கார்ந்திருந்தார்கள். வாசித்தேன். துணியில் லேசாகச் சிவப்பு. மார்ச் 12, மறுபடியும். மார்ச் 17, இடது கிட்னி. மைக்கில் என் மூச்சு எனக்கே கேட்டது. சிரித்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்புறம் என் ஃபாரத்தையும் காட்டினேன். "பிற, ஒன்றுமில்லைனு எழுதனது நான்தான். பொய். எனக்கு வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

முபீனா எழுந்து நின்றாள். "எனக்கும் ரெண்டு வருஷமா எரிச்சல் கீது. பேர் எழுதிக்கோங்க தோழர்" என்றாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி. அந்த ஸ்டூலைத் துடைத்த பெண். அப்புறம் எண்ண முடியவில்லை. கோதண்டம் தோழர் எழுதிக்கொண்டே இருந்தார். தாள் தீர்ந்து அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதினார்.

இறங்குவதற்கு முன் கடைசியாக ஒன்றை வாசித்தேன். மார்ச் 14, சங்க அலுவலகம். 6.20 இறங்கினேன். 7.05 திரும்பினேன். பதினேழாவது கோரிக்கை இல்லை.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. பட்டியலை நிராகரித்துக் கை தூக்கினார்கள். டோக்கன் ஒழிப்பு முதல் கோரிக்கை.

கூட்டம் முடிந்து படியில் வைத்து, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தோழர்" என்றார்.

"ஆறு வருஷமா உங்க எதிர்லதான் உக்காந்திருக்கேன் தோழர். நான் தண்ணி குடிச்சு நீங்க ஒரு நாளாவது பார்த்திருக்கீங்களா?" என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஒப்பந்தம் கையெழுத்தானது. டோக்கன் எல்லா லைனிலும் நீக்கம். கூடுதலாக ரெண்டு கக்கூஸ், ஆறு மாதத்துக்குள். ஆறு மாதம் எந்தத் தேதியிலிருந்து என்று எழுதவில்லை. கேட்டால், சின்ன விஷயத்தைப் பெரிசாக்காதீங்க என்கிறான் மேனேஜர். டோக்கனுக்குப் பதிலாக சூப்பர்வைசரிடம் நோட்டு ஒன்று கொடுத்திருக்கிறான், யார் எத்தனை மணிக்குப் போனாள் என்று குறிக்க. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறான். அந்த நோட்டுக்கும் ஒரு நாள் வழி பண்ண வேண்டும்.

பரிமளா எங்கள் முன்னால் ஆணியைக் கழற்றினாள். அப்புறம் நேராகக் கக்கூஸ் பக்கம் போனாள். லைனில் முதல் ஆள் அவள்தான். நோட்டில் அவள் பெயரை நானே எழுதினேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

செயற்குழு. மாடி ஏறும்போதே கோதண்டம் தோழர் முகம் மலர்ந்திருந்தது. சைக்கிள் கடைக்காரரிடம் பேசிவிட்டாராம். கடைக்குப் பின்னால் இருக்கும் கக்கூஸை இனிச் சங்கத்துப் பெண்கள் பயன்படுத்தலாம். ஞாயிற்றுக்கிழமை அவரே போய்ப் பினாயில் ஊற்றிக் கழுவினாராம். "வா தோழர், பாரு" என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் புதிதாக ஓர் ஆணி. அதில் சாவி. தொலைந்து போகாமல் இருக்க ஒரு தோல் துண்டு கோத்திருந்தார், உள்ளங்கை அகலத்துக்கு. அதில் பேனாவால் 'மகளிர்' என்று அழகாக எழுதியிருந்தது.

"யாருக்கு எப்ப வேணும்னாலும் என்கிட்ட கேட்டு எடுத்துக்கலாம். ஒரே சாவிதான், பத்திரம்" என்றார்.

நான் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷன். அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம்.

கூட்டத்தின் நடுவில் எழுந்து, அவர் தலைக்கு மேல் கையை நீட்டிச் சாவியை எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. நாலு நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டேன். நான் வரும் வரை யாரும் ஒரு தீர்மானமும் போடவில்லை.

சாவியைத் திருப்பி மாட்டவில்லை.

ஏப்ரல் 12, சனி

பஸ் ஸ்டாண்ட் வாசலில் சாவி போடுகிறவரிடம் பத்துச் சாவி வெட்டச் சொன்னேன். ஒரே பூட்டுக்கு எதற்கம்மா பத்து என்றார். வீட்டில் பொம்பளைங்க அதிகம் என்றேன். தோல் துண்டைக் கழற்றி அங்கேயே குப்பையில் போட்டேன்.

தண்ணீர்: மூன்று பாட்டில். அந்த ரோஸ் கலர் பாட்டில்தான்.